நச்சுக்கொடி கேட்டு வந்தவர்

1

போன மாதம் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பிரசவ வார்டு ஆயா வேலையில் நான் பயிற்சி பெற்றவள் என்று அதில் அச்சடித்திருக்கிறது. பயிற்சி கொடுத்தது யார் என்று போடவில்லை. போடவும் முடியாது. அப்படி ஒரு ஆள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சான்றிதழ் இங்கிலீஷில் இருந்ததால் என் மகள்தான் படித்துச் சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பேசுகிறாள், தெருவில் மலாய் பேசுகிறாள், என்னைத் திட்டுவதற்கு மட்டும் தமிழை வைத்திருக்கிறாள். படித்து முடித்துவிட்டு, "இதைச் சட்டம் போட்டு மாட்டிடாதேம்மா. என் சிநேகிதிங்க வந்தா நீ ஆயான்னு தெரிஞ்சு போயிடும்" என்றாள். இவள் போட்டிருக்கும் பாவாடை ஆயா சம்பளத்தில் வாங்கியது. அதை அவளிடம் சொன்னேன். அவள் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனாள்.

இதை நான் எழுத வேறு காரணம் இருக்கிறது. பினாங்கில் எந்த வேலைக்குப் போனாலும் எல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகுதான் வேலை வாங்குவார்கள் என்று கப்பல் ஏற்றும் ஏஜெண்டுகள் நம் பக்கத்தில் சொல்லித் திரிகிறார்களாம். என் தங்கை எழுதியிருக்கிறாள். அவள் மகளும் அதை நம்பிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறாளாம். அந்தப் பெண்ணும் அவளைப் போன்றவர்களும் படிக்கட்டும்.

2

நான் வேலை தேடிப் போனவள் இல்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் மூட்டை அடுக்கு சரிந்து அவர் கால்மேல் விழுந்தது. கால் நசுங்கியதும் கங்காணி வேறு ஆளைப் பிடித்துக்கொண்டான். ஊருக்குத் திரும்பலாம் என்றால் கப்பல் சீட்டுக்கு வழியில்லை. போய்த்தான் என்ன செய்வது, அங்கேயும் பட்டினிதான். அதனால் நான் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். இன்னும் அங்கேதான் சோறு.

ஆள் எடுத்தவர் கிராணியார். இங்கே ஆபீஸ் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். இவர் யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டும் விபூதியுமாக இருப்பார். என் கையைத் திருப்பிப் பார்த்தார். அம்மை போட்டிருக்கிறதா, பல் ஆடுகிறதா, புருஷன் குடிப்பானா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கா மாதா கோயிலுக்கா என்றெல்லாம் விசாரித்தார். மாடு வாங்குகிறவர்கள் இதைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள். வேலை தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை. என்ன வேலை என்று நான்தான் கேட்டேன்.

"அதெல்லாம் உள்ளுக்குச் சொல்லுவினம், பிள்ளை. நாளைக்கு வெள்ளனவா வாரும்" என்றார்.

உள்ளே யாரும் சொல்லவில்லை. பழைய ஆயா ரோசம்மா, இங்கேயே பிறந்து வளர்ந்து மலாய்க்காரர்போல 'லா' போட்டுப் பேசுகிறவள், என்னிடம் ஒரு விளக்குமாற்றையும் ஒரு வாளியையும் கொடுத்தாள். தாழ்வாரத்தில் நின்றபடி பின்பக்கத்து எரியடுப்பை விரலால் காட்டி, "வாளியில இருக்கறதை அங்க கொண்டு போய்க் கொட்டு" என்றாள். என் பயிற்சி அவ்வளவுதான். அந்த ஒரு விரலுக்குத்தான் இப்போது சான்றிதழ் கிடைத்திருக்கிறது.

முதல் தவறு சீக்கிரமே வந்தது. சீனத் தவுக்கே வீட்டு மருமகள் ஒருத்தி பிள்ளை பெற்றுக் கிடந்தாள். தவுக்கே என்றால் பெரிய வியாபாரி. மூன்றாம் நாள் நான் வெந்நீர் போட்டு, அவளுக்குத் தலையோடு ஊற்றி, துவட்டி, பின்னி விட்டேன். நம்மில் மூன்றாம் நாள் தண்ணீர் ஊற்றாமல் போட்டு வைத்திருந்தால் அந்த வீட்டை ஊரே பேசும். அந்தப் பெண் ஏதோ சொல்லிக் கையைத் தட்டித் தட்டி விட்டாள். கூச்சம் என்று நினைத்து நான் இன்னும் இரண்டு செம்பு ஊற்றினேன். பிறகு மாமியார் வந்தாள். ஈரத் தலையைப் பார்த்ததும் அவள் போட்ட சத்தத்தில் மூன்று வார்டுக் குழந்தைகளும் எழுந்துகொண்டன. சீனர்களில் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் தலையில் தண்ணீர் காட்டக் கூடாதாம். காட்டினால் காற்று உள்ளே புகுந்து ஆயுசுக்கும் தலைவலி என்பார்களாம். வெள்ளைக்கார மேட்ரன் வந்து என்னை இங்கிலீஷில் திட்டினாள். கிராணியார் அதைத் தமிழாக்கித் திட்டினார். தமிழாக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அன்றைக்கு ரோசம்மா முதல் தடவையாக எனக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தாள். "வியர்வைன்னு சொல்லியிருக்கணும் லா, அஞ்சலை. காய்ச்சல் அடிச்சுது, தலையெல்லாம் நனைஞ்சு போச்சுன்னு சொன்னா கதை முடிஞ்சுது."

வேலையை எப்படிச் செய்வது என்று அங்கே யாருக்கும் சொல்லித் தர நேரம் இல்லை. செய்த தவறை எப்படி மூடுவது என்று சொல்லித் தர எல்லோருக்கும் நேரம் இருந்தது.

3

அந்த வாளியில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு நச்சுக்கொடி விழும். நர்ஸம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முழுசாக வந்துவிட்டதா என்று கண்டுகொண்டு வாளியில் போடுவார். நான் கொண்டு போய் எரியடுப்பில் கொட்டுவேன்.

ஊரில் எங்கள் வீட்டுப் பிரசவத்துக்கு நாவிதர் வீட்டு மருத்துவச்சி வருவாள். தொப்புள்கொடி அறுத்து, நச்சுக்கொடியை உடைந்த சட்டியில் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். திரும்பி வந்ததும் நெல்லும் பழைய புடவையும் கொடுத்து, தள்ளி நில் என்போம். பிள்ளையை உயிரோடு எடுத்துக் கொடுத்த கை அது. அந்தக் கையைத் தொட மாட்டோம். என் மகளுடைய நச்சுக்கொடியை அவள் எங்கே புதைத்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. அது தீட்டு, அதற்கென்று ஓர் ஆள் உண்டு, அவ்வளவுதான் நான் அறிந்தது. கடலைத் தாண்டியதும் அந்த ஆள் நானாகிவிட்டேன். ஊருக்கு எழுதும்போது ஆஸ்பத்திரியில் உத்தியோகம் என்று எழுதினேன். வாளியைப் பற்றி எழுதவில்லை. இன்றைக்கு எழுதியாகிவிட்டது, சாதியைவிட்டுத் தள்ளுகிறவர்கள் தள்ளிக்கொள்ளலாம்.

4

மலாய்ப் பெண்கள் அப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வருவது அபூர்வம். அவர்களுக்கு அவர்கள் கிராமத்துப் பேறுகாலக்காரி இருக்கிறாள். இந்தப் பெண்ணுக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தது. அக்கரையில் பட்டர்வொர்த் பக்கத்துக் கடற்கரையிலிருந்து புருஷன் படகில் போட்டுக் கொண்டுவந்தார். மீன்பிடிக்கிறவர். விடிகிற நேரத்தில் ஆண் குழந்தை பிறந்தது, இரண்டு உயிரும் தங்கின. நான் வழக்கம்போல வாளியைக் கொண்டு போய்க் கொட்டினேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மத்தியானம் அந்த மனிதர் திரும்பி வந்தார். கையில் புது மண்சட்டி, வெள்ளைத் துணி, ஒரு பொட்டலத்தில் உப்பும் புளியும், ஒரு பென்சில். வாசலில் நின்று 'உரி, உரி' என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தேநீர்க் கடை வைத்திருக்கும் காதர் பாய்க்கு மலாயும் தெரியும், நம் பேச்சும் தெரியும். அவர்தான் விளக்கினார்.

"நச்சுக்கொடியைக் கேக்குறாரு தங்கச்சி. இவங்க அதைப் பிள்ளைக்குக் கூடப் பொறந்ததுன்னு சொல்வாங்க. தகப்பன் கையால கழுவி, வீட்டடியில புதைக்கணும். பென்சில் எதுக்குன்னா, கூட வச்சுப் புதைச்சாப் பிள்ளை நல்லாப் படிக்குமாம்."

பாய் அதோடு நிறுத்தவில்லை. இவருக்கு முன்பு இரண்டு குழந்தைகள் பிறந்து செத்துப் போயின. இரண்டு தடவையும் புதைத்த முறை சரியில்லை என்று அந்தக் கிராமத்துப் பேறுகாலக்காரி சொல்லியிருக்கிறாள். அதனால் இந்தத் தடவை சட்டியைக்கூடக் குயவனிடம் நேரில் போய்ப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

இரு என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினேன். மேட்ரனிடம் போனால் வேலை போகும். வேலை போனால் வீட்டில் ஒரு நொண்டியும் ஒரு குழந்தையும் இருக்கிறார்கள். ரோசம்மாவிடம் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், பிசைந்த கையை நிறுத்தவேயில்லை.

"இதுக்கா இப்படி வேர்க்குறே? காலையில சுங்கை பாக்காப் தோட்டத்துக்காரி பெத்தாளே, அவளோடது இன்னும் வாளியிலதான் இருக்கு. மூடி எடுத்துக் கொண்டு போய்க் குடு."

"அது வேற ஆளோடதாச்சே அக்கா."

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். முன்னயும் ரெண்டு மூணு பேரு கேட்டு வந்தாங்க, குடுத்தேன். சலாம் சொல்லி வாங்கிட்டுப் போனாங்க. நீ போ லா."

நான் போனேன். எனாமல் பேசினில் எடுத்து, துணி போட்டு மூடி, வாசலுக்குக் கொண்டு போனேன்.

5

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கடைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாய் இருந்தது. அங்கே குந்தி உட்கார்ந்து, உப்பும் புளியும் போட்டுக் கழுவ ஆரம்பித்தார். நம் பெண்கள் மீன் கழுவுகிற அவசரம் இல்லை, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற நிதானம். மெதுவாகத் தேய்த்தார், தண்ணீரை மாற்றினார், மறுபடியும் தேய்த்தார். கழுவிக்கொண்டே அதனிடம் பேசினார். பாய் எனக்குச் சொன்னார்: "பயப்படாதே, உன் தம்பி நல்லா இருக்கான், நாம வீட்டுக்குப் போறோம்னு சொல்றாரு."

எனக்கு இரக்கம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வந்தது கோபம். கிராணியார்மேல், ரோசம்மாமேல், மேட்ரன்மேல், என்மேல். ஒன்றும் சொல்லித் தராமல் உள்ளே விட்டு முதலில் என்னை மடைச்சியாக்கினார்கள். இப்போது திருடியாகவும் ஆக்கியாகிவிட்டது. அதற்கு மேல் ஒரு படிதான் பாக்கி, ரோசம்மா மாதிரி பிசைந்த கையை நிறுத்தாமல் சாப்பிடுவது. அதற்கு எனக்கு வருஷக்கணக்கு ஆகாது, அடுத்த மாதமே வந்துவிடும் என்று தெரிந்தது.

"பாய், அது அவர் பிள்ளையோடது இல்ல, அதைக் காலையிலேயே எரிச்சிட்டோம்னு சொல்லுங்க" என்றேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி, அவரு சந்தோசமாப் போவட்டுமே."

"நீங்க சொல்லாட்டி நான் கையைக் காலை ஆட்டியாவது சொல்லிடுவேன்."

பாய் சொன்னார். அந்த மனிதருடைய கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறகு எழுந்து என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவர் கேட்டதைப் பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: உன் பிள்ளையோடதை நீ இப்படி எரிப்பாயா என்று கேட்கிறார்.

"என் பிள்ளையோடது எங்க போச்சுன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க."

பாய் அதைச் சொன்னதும் அவர் முகத்தில் கோபம் மாறி வேறு ஏதோ வந்தது. எங்கள் ஆட்களைப் பற்றி அவர் அதற்கு முன் என்ன நினைத்திருந்தாரோ, அது அன்றைக்கு உறுதிப்பட்டிருக்கும்.

சாம்பல் எங்கே என்று கேட்டார். எரியடுப்புக்குக் கூட்டிப் போனேன். இன்னும் சூடாக இருந்தது. அதில் எத்தனை பேருடையது கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், பாய் மூலம் அதையும் சொன்னேன். அவர் ஒரு குச்சியால் சாம்பலை இழுத்து, ஆறவிட்டு, சட்டியில் அள்ளினார். பிறகு வாசலுக்குத் திரும்பி வந்து பேசினில் பாதி கழுவிக் கிடந்ததைப் பார்த்தார். இது யாருடையது என்று கேட்டார். தோட்டத்துக்காரி பிள்ளையுடையது என்றேன். அவர்கள் ஆள் யாராவது எடுக்க வருவார்களா என்றார். வர மாட்டார்கள், எரிப்போம் என்றேன். மறுபடியும் குந்தி உட்கார்ந்து மீதியையும் கழுவி முடித்தார். வெள்ளைத் துணியை இரண்டாகக் கிழித்தார்.

6

எரியடுப்புப் பக்கம் அந்நிய ஆள் போனதை நர்ஸம்மா பார்த்துவிட்டார். சாயங்காலமே விசாரணை வந்தது. மேட்ரன் கேட்டாள், கிராணியார் தமிழில் கேட்டார், நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ரோசம்மா பெயரையும் சொன்னேன். மேட்ரன் காதுக்கு எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியாது. கிராணியார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீர் சொன்னதை அப்படியே எழுதினா ரோசம்மா போவா, நர்ஸம்மா மாட்டுவா, உம்மை எடுத்த நானும் பதில் சொல்ல வேணும். வெளியாளை உள்ளுக்கு விட்டீர் எண்டு மட்டும் எழுதுறன். ஒரு கிழமை நிப்பாட்டுவினம். அதுக்குப் பிறகு வாரும்."

ஆக, கேட்காமல் எரித்தது குற்றமில்லை. வேறு பிள்ளையுடையதை மாற்றிக் கொடுத்தது குற்றமில்லை. ஒரு தகப்பனைச் சாம்பல் பக்கம் விட்டதுதான் குற்றம். சுவரில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மலாய் நோயாளிகளைக் கேட்டுவிட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும் என்று அதில் இருந்ததாம். இங்கிலீஷில் இருந்தது. வாளி தூக்குகிற எங்களில் ஒருத்திக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

7

தோட்டத்துக்காரியின் பெயர் பேச்சி. பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். அவள் புருஷன் கூலி போய்விடும் என்று அன்றைக்கே திரும்பிவிட்டான். அவளை வீட்டுக்கு அனுப்புகிற நாளில் எனக்கு அந்த ஒரு வார நிறுத்தம் முடியாமல் இருந்ததால் போய்ப் பார்த்தேன். நல்ல சேதி சொல்லப் போவதாகத்தான் எனக்கு நினைப்பு. உன் பிள்ளையோடதை எரிக்கவில்லை, ஒரு மலாய்க்காரர் சுத்தமாகக் கழுவித் தன் வீட்டடியில் புதைக்கக் கொண்டு போனார் என்று முழுவதையும் சொன்னேன். கூலிக்காரி பிள்ளைக்கு இந்த நாட்டில் கையகல மண்ணாவது கிடைத்ததே என்று அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன்.

பேச்சி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"எரிக்கிறதுதானே வழக்கம்னு..."

"எரிக்கவும் நீ கேக்கல. அந்த மனுசனோடதை எரிச்சிட்டோமேன்னு உனக்கு அப்படி வேர்த்துச்சுன்னு சொன்னே. எம்புள்ளையோடதை எடுக்கறப்ப நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன். முழிச்சுத்தான் இருந்தேன்."

கடையில் காதர் பாய் சொன்னதும், மலாய்க்காரருக்கு எது சாமி காரியம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பேச்சிக்கு ஏதாவது இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, ரோசம்மாவுக்கும் தோன்றவில்லை, சுவரில் ஒட்டிய அறிவிப்பிலும் அவள் இல்லை. அவள் நம்மவள், அதனால் கேட்க வேண்டியதில்லை என்று நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வீடு எங்க இருக்கு? போற வழிதானா?" என்றாள்.

அவள் தோட்டமும் அந்தப் பக்கம்தான் என்பதால், பாயிடம் வழி கேட்டுக்கொண்டு அவளோடு நானும் அக்கரைக்குப் போனேன். படகுத்துறையிலிருந்து கடலோரமாக நடக்க வேண்டியிருந்தது. அவள் பச்சை உடம்புக்காரி, உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாள். பிள்ளையை என்னிடம் தரவில்லை.

கால் வைத்துத் தூக்கிக் கட்டிய பலகை வீடு. அந்த மனிதர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பாயிடம் கேட்டு வைத்திருந்த இரண்டு மூன்று மலாய்ச் சொல்லையும் கையையும் வைத்து, இவள்தான் அந்தப் பிள்ளையின் தாய் என்றேன். அவர் வலையைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து, பேச்சி கையில் துணியில் சுற்றியிருந்த பிள்ளையை எட்டிப் பார்த்தார். பிறகு வீட்டடியில் படிக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தைக் காட்டினார். இரண்டின்மேலும் ஒரே மாதிரி சிறிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எது எவருடையது என்று கை காட்டிச் சொன்னார்.

"ஆழமாத் தோண்டினாரான்னு கேளு. நாய் கீய் கெளறிடப் போவுது."

கேட்டேன். அவர் கையை நீட்டி முழங்கைக்கு மேலே தொட்டுக் காட்டினார்.

பேச்சி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்பக் கேளு" என்றாள்.

"என்ன கேக்கணும்?"

"அன்னிக்குக் கேக்க வேண்டியதை."

அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். மேட்ரன் முன்னால் நின்றபோது இவ்வளவு கூசவில்லை.

"பேச்சி, உன் பிள்ளையோடதை இவருக்குக் குடுக்கட்டுமா?"

அவள் விளக்கைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், அந்த மனிதரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவசரப்படவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ, சொன்னால் நான் மண்ணைத் தோண்ட வேண்டியதுதானோ என்று பயந்தேன்.

"குடு" என்றாள்.